கருவுற்ற பிளஸ் டூ மாணவிக்கு டிசி கொடுக்கச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும் பள்ளியில், அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி கருவுற்றிருப்பது அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் வெளியே தெரிந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று பெற்றோர் சிலர் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், உங்கள் அக்கா போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உங்களைக் கேட்கிறார், நம் சமூகம் இப்படிப்பட்ட பெண்களை ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்று நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள். உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். சமூகத்தைப் பற்றிய கேள்விக்குக் கீழே, கடைசி வரியில், "அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் பிள்ளையும் கெட்டுவிடுவாளோ என்று அக்கா பயப்படுவது தப்பா?" என்று எழுதியிருக்கிறீர்கள். மனு எழுதியவர்களையும் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களையும் ஆட்டிவைப்பது இந்தப் பயம்தான் என்பதால், என் பதிலை அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பிறகு மூன்று ஆண்டுகள், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். நான் மருத்துவரோ வழக்குரைஞரோ அல்ல என்பதால், மருத்துவத்தையும் சட்டத்தையும் பற்றி இங்கே சொல்பவை அந்த வேலைக்காகக் கற்றுக்கொண்ட அளவிலானவை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவின் முன் வந்து நின்ற பிள்ளைகளைத்தான் எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையோடு வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன கதைகளும், இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவர்களின் கதைகளும் என் அனுபவத்துக்குள் வரவில்லை. நான் குறிப்பிடும் பிள்ளைகள் யாரென்று எவருக்கும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், நம் பேச்சில் இருக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், ஆறு மாதம் கழித்து அவளைக் கோயிலில் பார்க்கும் எந்தப் பெரியம்மாவும் "என்ன கண்ணு, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். "முழுகாம இருக்கா" என்று பதில் வந்தால் பூ வைத்து அனுப்புவார்கள். அதே வயதில், அதே உடம்பில், தாலி இல்லாமல் அதே கரு வளர்ந்தால், "வயித்துல வாங்கிட்டு வந்துட்டா" என்று பேச்சு மாறிவிடும். இரண்டு பெண்களுக்கும் வயது 16. இருவருக்கும் இரத்தசோகையும் பேறுகால உயர் இரத்த அழுத்தமும் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் ஆபத்து, வளர்ந்த பெண்ணுக்கு இருப்பதைவிட அதிகம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, அதாவது 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்டது, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயது நிரம்பும் முன்பே மணமுடித்தவர்கள் என்கிறது. 15 முதல் 19 வயதுக்குள் ஏற்கெனவே தாயானவர்களும் கணக்கெடுப்பின்போது கர்ப்பமாக இருந்தவர்களும் சேர்ந்து 6.3 சதவீதம், இதற்கு முந்தைய சுற்றில் இது 5 சதவீதமாக இருந்தது. இந்த 6.3 சதவீதத்துக்குள் 18ஐயும் 19ஐயும் தொட்டவர்கள் இருக்கிறார்கள், மணமானவர்களும் இருக்கிறார்கள். பள்ளிச் சீருடையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. ஆனாலும் ஒன்று உறுதி. சிறு வயதில் கருவுறுவது நம் ஊருக்குப் புதிதல்ல. நம்மைக் கோபப்படுத்துவது அந்தப் பிள்ளையின் வயதாக இருந்திருந்தால், கல்யாணமான பதினாறு வயதுக்காரிக்காகவும் யாராவது மனு எழுதியிருப்பார்கள்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். தலைமையாசிரியையாகி இரண்டாம் ஆண்டு, சனவரி மாதம். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. நடுவரிசையில் உட்காருவாள், கணக்கில் நன்றாக வருவாள். சுடிதாருக்கு மேலே போடும் கோட்டை மதிய வெயிலிலும் கழற்றுவதில்லை, விளையாட்டு வேளையில் ஏதாவது காரணம் சொல்லி ஓரமாக நின்றுவிடுகிறாள் என்று உடற்கல்வி ஆசிரியை வந்து சொன்னார். நான் அவளைக் கூப்பிட்டுப் பேசுவதற்குள் அவளுடைய அம்மாவே வந்துவிட்டார். என் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், மடியில் வயர் கூடையை வைத்துக்கொண்டு, அதன் கைப்பிடியில் பிரிந்திருந்த ஒரு வயரைத் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊருக்குப் போறோங்க, டிசி குடுத்துடுங்க" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், நான் எதுவும் கேட்கவில்லை. எழுத்தரைக் கூப்பிட்டு டிசி எழுதச் சொன்னேன். நடத்தை என்ற இடத்தில் என்ன போடுவது என்று அவர் என்னைப் பார்த்தார், "நன்று" என்று போடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, பள்ளியின் பெயரையும் அந்தக் குடும்பத்தின் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். ஆசிரியர் அறையிலும் அப்படித்தான் சொன்னார்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் அதற்கு முன்பே போய்விட்டிருந்ததால், மார்ச் மாதம் அவளுடைய நுழைவுச்சீட்டு மற்றவர்களுடையதோடு சேர்ந்து வந்தது. ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்த புகைப்படம். வாங்க ஆளில்லாமல் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஓய்வு பெறும் நாளில் அறையைக் காலி செய்தபோதும் அது அங்கேயே இருந்தது.

அந்த டிசியின் விளைவை அடுத்த நவம்பரில் கண்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கழிப்பறையில் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கரு ஏழாம் மாதத்தில் இருந்தது. குற்றவாளி அவளுடைய அம்மாவின் உறவுக்காரர் ஒருவர். முந்தைய மேமாத விடுமுறையிலிருந்தே அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். ஏன் பாப்பா, என்னிடம் இல்லாவிட்டாலும் உன் வகுப்பு டீச்சரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா அந்த அக்காவுக்கு மாதிரி எனக்கும் டிசி குடுத்துடுவீங்கன்னு பயமா இருந்துச்சு மிஸ்" என்றாள். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த விஷயம், கீழ்வகுப்புப் பிள்ளைகள் வரை தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒழுக்கம் அல்ல. இந்தப் பள்ளியில் வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே காலம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் அக்காவுக்குச் சொல்லுங்கள். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். இந்தக் கூடுதல் கால அவகாசம் பெறும் பிரிவினரில் 18 வயதுக்குட்பட்டவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் அடக்கம். 18 வயதுக்குட்பட்ட பெண் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் தேவை. 24 வாரத்தைத் தாண்டிவிட்டால், தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தோ கருவில் கடுமையான குறைபாடோ இருந்தாலொழிய, உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டிவரும், அங்கே என்ன முடிவு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வாரத்திலோ பத்தாம் வாரத்திலோ வாய் திறந்திருந்தால், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் யோசித்து முடிவெடுக்க நாள் இருந்திருக்கும். பிரசவம்தான் முடிவு என்றாலும்கூட, இரும்புச்சத்து மாத்திரையும் தடுப்பூசியும் ஸ்கேனும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் உரிய மாதங்களில் கிடைத்திருக்கும். வாரத்துக்கு வாரம் வழிகள் அடைபட்டுக்கொண்டே போகும் ஒரு நிலையில், ஒரு பிள்ளையை மேலும் சில வாரங்கள் ஒளிந்திருக்கச் செய்யும் எதுவும் அவளுக்குச் செய்யும் பெரிய தீங்கு. மனுக்களும் பழிச்சொற்களும் செய்வது அதைத்தான்.

இனி அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அது தப்பான பயம் என்று நான் சொல்லமாட்டேன்; பெண்பிள்ளை பெற்றவருக்கு வரும் பயம் அது. ஆனால் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதே பயத்தைச் சட்டமாகவே ஆக்கிப் பார்த்த நாடுகள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா காலம் முடிந்து 2015 ஏப்ரலில் பள்ளிகள் திறந்தபோது, கருவுற்ற மாணவிகள் வகுப்புக்கு வரவும் தேர்வெழுதவும் அரசு தடை விதித்தது. அவர்களைப் பார்த்து மற்ற பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தின் நீதிமன்றம் அந்தத் தடை பாகுபாடு என்று தீர்ப்பளித்தது, 2020 மார்ச்சில் அந்த அரசே தடையை விலக்கிக்கொண்டது. தான்சானியாவில் 2017இல் அதிபரே மேடையில் நின்று, கருவுற்ற பெண் மறுபடி பள்ளிக்கு வர முடியாது என்று அறிவித்தார். 2021 நவம்பரில் அங்கும் அதைக் கைவிட்டார்கள். மறுபக்கம் அமெரிக்காவைப் பாருங்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1975இல் நடைமுறைக்கு வந்த விதிகள், கருவுற்ற மாணவியைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்கின்றன. அதற்கு முன் அங்கும் விலக்குவதே வழக்கமாக இருந்தது. அந்த விதி வந்த பிறகு பதின்பருவப் பிரசவங்கள் பெருகி வெடித்துவிடவில்லை. 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் 61.8 பிரசவங்கள் என்றிருந்தது, 2022இல் 13.6 ஆகக் குறைந்தது. கருவுற்ற பெண்ணைப் பள்ளியில் வைத்துக்கொண்டதால்தான் அது குறைந்தது என்று நான் வாதிடவில்லை. கருத்தடை முறைகளின் பரவலும் வேறு பல காரணங்களும் அதில் இருக்கின்றன. ஒரே வகுப்பில் உட்காருவதால் கர்ப்பம் பரவும் என்ற எண்ணத்துக்கு அந்த நாட்டின் ஐம்பது ஆண்டு அனுபவத்தில் இடமில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். வயிறு தெரிய ஒரு தோழி வகுப்பில் இருந்தால் மற்றவர்கள் எச்சரிக்கை அடைவார்கள் என்று எதிர்த் திசையில் வாதிடுவோரும் உண்டு. அதையும் நான் நம்பவில்லை. எந்தப் பிள்ளையும் இன்னொருவருக்குப் பாடமாக வைக்கப்படுவதற்காகப் பள்ளிக்கு வருவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளைக் காக்க விரும்பினால் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஒரு பெண் பெரியவளானால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு வருகிறார், மண்டபம் நிறைய ஆட்கள் சாப்பிட்டுப் போகிறார்கள். அவளுடைய உடம்பு பிள்ளை பெறத் தயாராகிவிட்டது என்பதை ஊருக்கே அறிவிக்கும் அந்த நாளில், அவளிடம் மட்டும் ஒருவரும் எதையும் விளக்குவதில்லை. "இனிமே பசங்களோட பேசாதே" என்பதோடு அறிவுரை முடிந்துவிடும். பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்ட ஆசிரியர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இளவயதில் நானே ஓராண்டு அப்படிப் புரட்டியிருக்கிறேன். மாதவிலக்கு தள்ளிப்போனால் அது கருவாக இருக்கலாம் என்பதே தெரியாமல் நான்காம் மாதம் வரை இருந்த பிள்ளைகளைக் குழுவில் பார்த்தேன். பழகியவனோடு போனவளும் அவர்களில் உண்டு, வீட்டுக்குள்ளேயே சிதைக்கப்பட்டவளும் உண்டு. அறியாமையில் இருவருக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

பெண்ணை மட்டும் ஏன் இப்படித் தூற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் உடம்பு காட்டிக்கொடுக்கிறது, அவன் உடம்பு காட்டிக்கொடுப்பதில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதியை வீட்டுக்குள் தேட வேண்டும். நம் குடும்பங்களில் சாதியின் எல்லை பெண்ணின் உடம்பில்தான் வரையப்பட்டிருக்கிறது. குழுவின் முன் வந்த அப்பாக்களில் பலர் முதலில் கேட்டது பெண்ணுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றல்ல. பையன் என்ன ஆளுங்க என்றுதான். தன் சாதிக்காரன் என்று தெரிந்தால் கோபம் கல்யாணப் பேச்சாக மாறிவிடும். வேறு சாதி என்றால், அதிலும் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன் என்றால், அந்தப் பிள்ளையின் உயிருக்கே நாங்கள் அஞ்ச வேண்டியிருந்தது. சட்டத்தின் கை விழும் இடம் வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் செல்லாது என்பதால், இருவரும் விரும்பிப் பழகியிருந்தாலும் பதினேழு வயதுப் பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான், பத்தொன்பது என்றால் சிறைக்குப் போவான். ஆக, ஊர் பெண்ணைத் தண்டிக்கிறது, சட்டம் பையனைத் தண்டிக்கிறது, இருவருடைய படிப்பும் அந்த ஆண்டோடு நின்றுபோகிறது. விரும்பிப் பழகிய வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளிகளாக நடத்துவது போக்சோ சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 சனவரியில் ஒரு தீர்ப்பில் சொன்னது. சம்மத வயதை 16 ஆகக் குறைக்க வேண்டாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 16க்கும் 18க்கும் இடைப்பட்டோர் வழக்குகளில் நீதிபதி சூழ்நிலையைப் பார்த்துத் தண்டனையைத் தீர்மானிக்க இடம் தரலாம் என்றும் அது கூறியது. இந்த விவாதத்தில் என் மனம் ஒரு பக்கம் நிற்பதில்லை. காதல் வழக்குகளைப் பார்க்கும்போது வயதைக் குறைக்கலாம் என்று தோன்றும். உறவினரால் கருவுற்ற அடுத்த பிள்ளை உள்ளே வந்து உட்காரும்போது, அந்த 18 என்ற கோடு இல்லாவிட்டால் "அவளும்தான் விரும்பினாள்" என்று சொல்லித் தப்பிப்பார்களே என்று தோன்றும்.

கல்யாணம் செய்து வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது சரியாகாது, இதில் எனக்கு ஐயமே இல்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அதை நடத்தியவர்களுக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வல்லுறவே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டதால், தாலி ஒரு கேடயமாகவும் ஆகாது. பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்குப் போனதும் ஆதார் அட்டையில் வயதைப் பார்ப்பார்கள், அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அப்பா கைதாகி, பதினேழு வயது அம்மா மாமியார் வீட்டில் தனியே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி செய்ய வேண்டியது என்ன என்பதில் சில செய்திகள் தெளிவானவை. தெரிந்த நிமிடம் தலைமையாசிரியர் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அது, சொல்லாமல் மறைப்பது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. என் அந்த டிசியில் இந்தத் தவறும் சேர்ந்திருக்கிறது என்பதைப் பின்னால் குழுவில் இருந்தபோது முழுதாக உணர்ந்தேன். குழந்தைகள் உதவி எண் 1098இல் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். பிள்ளையை விசாரிக்க வரும் காவலர் சீருடையில் வரக் கூடாது. முடிந்தவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிள்ளை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அவளுடைய பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவது குற்றம். கையெழுத்து வாங்கும் மனுவில் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டு வீடு வீடாகப் போகிறது என்றால், எழுதியவர்கள் தங்களையே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள். தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. போலீஸ் வரும் என்ற பயத்தில் குடும்பங்கள் மருத்துவமனையைத் தவிர்த்துப் போலி மருத்துவர்களிடம் போகின்றன. இதை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்றது. இது எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நான் உறுதி கூறமாட்டேன். குழுவுக்கு வந்த ஒரு பிள்ளை, யார், எங்கே, எத்தனை முறை என்பதை வகுப்பு ஆசிரியை, தலைமையாசிரியர், செவிலியர், மருத்துவர், காவலர், நாங்கள், நீதித்துறை நடுவர் என்று ஏழு பேரிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் சொல்லும்போது பாடம் ஒப்பிப்பதைப் போல, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாள்.

வெளியேற்றும் உரிமை பற்றி: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் தொடக்கக் கல்வி முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. கருவுறுதலால் படிப்பு முறியும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்கிறார்கள் என்பதால், நடைமுறையில் எல்லாம் தலைமையாசிரியரின் மனத்தையும் துணிவையும் பொறுத்தே அமைகிறது. பெரும்பாலும் "வெளியேற்றினோம்" என்று யாரும் எழுதுவதும் இல்லை. பெற்றோரே கேட்டு வாங்கிப் போனதாகப் பதிவாகும். டிசி கொடுத்தவுடன், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் அந்தப் பிள்ளையின் பெயர், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடும், வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். பிளஸ் டூவில், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, எந்தப் பள்ளி எடுக்கும்?

டிசி கொடுக்காமல் நிறுத்திக்கொண்ட பிள்ளை ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்காவின் பயத்துக்கு என்னிடம் இருக்கும் நேரடியான பதில் அவள்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் சொல் என்னைச் சுட்டபின், நான்காண்டு கழித்து, பிளஸ் டூ மாணவி ஒருத்திக்கு இதே நிலை வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருவர் வந்து சத்தம் போட்டார்கள். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் மாதத்தில் அவளால் வர முடியவில்லை. மார்ச்சில் எழுத முடியாத இரண்டு தாள்களை அடுத்து வந்த துணைத் தேர்வில் எழுதினாள். அவள் அம்மா மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். வகுப்புப் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் கிசுகிசுத்தார்கள், ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்தாள், பிறகு நோட்டுகளை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ஆண்டில் வேறு எவரும் "கெட்டுப்போகவில்லை". ஆனால் அந்த வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகள் தனித்தனியாக என் அறைக்கு வந்தார்கள். ஒருத்தியைப் பேருந்தில் ஒருவன் தொடர்ந்து வந்துகொண்டிருந்தான். ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மூன்றாமவள் சொன்னதை இங்கே எழுதக் கூடாது. உரிய நேரத்தில் சொன்னாள், உரிய நேரத்தில் தடுக்க முடிந்தது. ஒரு பள்ளியின் அனுபவத்தை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்ல முடியாது. என் ஒன்பது ஆண்டுகளில் ஒரே வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகள் தாமாக வந்து பேசியது அந்த ஒரு ஆண்டில்தான் என்பது மட்டும் உண்மை.

ஆகவே, கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்காக இல்லாவிட்டாலும், தன் மகளுக்காக. அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதை மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளை அவளை எவனாவது மிரட்டினால், இந்த வீட்டில் சொல்லலாமா கூடாதா என்ற கணக்கை அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் போடுவாள். அந்தப் பிள்ளை யாரால், எப்படிக் கருவுற்றாள் என்பது மனு எழுதியவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. முடிந்தால் அக்கா வேறொன்று செய்யட்டும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு தொடங்கிவிடும். அதற்குள் தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்து, 1098க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் போய்விட்டதா என்றும், அந்தப் பிள்ளையின் பெயர் பொதுத்தேர்வுப் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். ஒரு பெற்றோர் வந்து இப்படியும் கேட்டார் என்பது, எதிர்ப்பக்கச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தலைமையாசிரியருக்கு எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். என்னிடம் அந்த சனவரியில் அப்படி யாரும் வரவில்லை.